லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’: ஹிட் ஆன மெட்டும் பெட்டியில் கிடந்த ஆல்பமும்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’ ஆல்பத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு வரி தவறாமல் வரும்: புளூ நோட் என்ற ரெக்கார்டு கம்பெனியைக் காப்பாற்றிய ரெக்கார்டு அது. பணக்கணக்கில் பார்த்தால் அதில் பொய் இல்லை. 1964 ஜூலையில் வெளியாகி, கம்பெனி அதுவரை கண்ட விற்பனை எல்லாவற்றையும் தாண்டியது. ஆனால் அது வெளிவந்த இரண்டு ஆண்டுக்குள் புளூ நோட், லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்குக் கைமாறிவிட்டது. இதற்கு அடுத்து மார்கன் தன் பெயரில் ஒலிப்பதிவு செய்த ஆல்பம், என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்தது, 1966 வரை பெட்டிக்குள் கிடந்தது. அப்படியானால் காப்பாற்றியது யாரை, எதிலிருந்து?

ஆல்பம் ஏன் ஓடியது என்று கம்பெனி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று. ரெக்கார்டைப் போட்டுக் கேட்டால் காதுக்குக் கிடைக்கும் காரணம் வேறு. இந்த இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

இருபத்தைந்து வயதுக்குள்

மார்கன் 1938 ஜூலை 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். 18 வயதில் டிஸ்ஸி கில்லஸ்பியின் பெரிய பேண்டில் இடம் கிடைத்தது. கில்லஸ்பியே டிரம்பெட் மேதை. அவர் பேண்டில் ஒரு பையனுக்கு டிரம்பெட் சோலோ, அதாவது தனியாக வாசிக்கும் இடம், கிடைப்பது சின்ன விஷயமில்லை. அதே வயதில் புளூ நோட்டில் தன் பெயரில் முதல் ஆல்பம். 1957இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெய்ன்’ ஒலிப்பதிவில் வாசித்தபோது வயது 19. அடுத்த ஆண்டு டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்தார். ‘மோனின்’ ஆல்பத்தின் தலைப்பு டிராக்கில் மார்கன் எடுக்கும் சோலோவை இன்றும் மாணவர்கள் நோட்டு நோட்டாக எழுதிப் பழகுகிறார்கள்.

அப்புறம் ஹெராயின். 1961இல் மெசஞ்சர்ஸை விட்டு வெளியேறி ஊருக்கே திரும்பிப் போனார். 1962 ஜனவரியில் ஜாஸ்லேண்ட் கம்பெனிக்காக ‘டேக் ட்வெல்வ்’ என்று ஓர் ஆல்பம். அதோடு தன் பெயரில் அடுத்த ஒலிப்பதிவு நடக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது. ‘டேக் ட்வெல்வ்’ அதிகம் பேசப்படாத ஆல்பம். ஆனால் அதில் பியானோ பேரி ஹாரிஸ், டபுள் பேஸ் பாப் கிரான்ஷா. இந்த இரண்டு பேரும் ‘சைட்வைண்டரி’ல் மறுபடி வருகிறார்கள். அதாவது மார்கன் மீண்டு வந்தபோது, கடைசியாக விட்ட இடத்திலிருந்தே ஆட்களைக் கூட்டிக்கொண்டார்.

1963 கடைசியில் அவர் வாசித்த மற்ற ஒலிப்பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 21 அன்று டிராம்போன் கலைஞர் கிரேஷன் மாங்கர் III-இன் ‘எவல்யூஷன்’ ஆல்பத்தில் வாசித்தார். ஜாக்கி மெக்லீன், பாபி ஹட்சர்சன், டோனி வில்லியம்ஸ் எல்லாம் இருந்த, இருண்ட, மெதுவாக நகரும், அந்தக் காலத்துக்குப் புதுமையான இசை. பேஸ் அதே கிரான்ஷா. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 21 சனிக்கிழமை, ‘தி சைட்வைண்டர்’. மார்கனை ‘ஹிட் மெட்டு போடுகிறவர்’ என்று ஒரே பெட்டிக்குள் அடைக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அந்த அறையும் அந்த ஐவரும்

ஒலிப்பதிவு நடந்தது நியூ ஜெர்சியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில். பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது, மற்ற நேரத்தில் ஒலிப்பதிவு என்று பல காலம் ஓட்டியவர் வான் கெல்டர். முதலில் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் பதிவு. 1959இல்தான் உயரமான மரக்கூரை போட்ட இந்தக் கட்டடத்துக்கு வந்தார். பின்னால் தனித்தனியாக வாசித்து ஒட்டுகிற வேலை அங்கே கிடையாது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வாசிக்க, நேரே இரண்டு டிராக் டேப்பில் பதிவாகும். ஒருவர் தடுக்கினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து.

தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயன். பெர்லினில் பிறந்து, 1939இல் நியூயார்க்கில் புளூ நோட்டைத் தொடங்கியவர். இவருடைய ஒரு பழக்கம் சின்ன கம்பெனிகளில் அபூர்வமானது: ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குக் காசு கொடுப்பார். புளூ நோட் ஆல்பங்களில் கஷ்டமான புது மெட்டுகள்கூடத் தடுமாறாமல் வருவதற்கு இதுதான் பெரிய காரணம்.

குழுவைப் பாருங்கள். டெனர் சாக்ஸபோன் ஜோ ஹெண்டர்சன். தன் முதல் ஆல்பமான ‘பேஜ் ஒன்’னை அந்த ஆண்டு ஜூனில்தான் பதிவு செய்திருந்தார். கொஞ்சம் கரகரப்பான குரல், எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல முடியாது. பியானோவில் பேரி ஹாரிஸ், டெட்ராய்ட்காரர், சார்லி பார்க்கர் காலத்து வேகமான, சிக்கலான ஜாஸ் பாணியான பீபாப்பைத் தன் காலம் முழுக்கப் பாடமாகவே நடத்தியவர். டிரம்ஸில் பில்லி ஹிகின்ஸ், நான்கு ஆண்டுக்கு முன் சாக்ஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு ஜாஸ் உலகத்தையே இரண்டாகப் பிளந்த இசையை வாசித்தவர். பாப் கிரான்ஷா, சானி ராலின்ஸின் நம்பிக்கைக்குரிய பேஸ் கலைஞர். டான்ஸ் ஹால் மெட்டுக்கு ஆள் பிடிக்கிற யாரும் இந்தப் பட்டியலைப் போட மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஐவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்த குழு அல்ல. இந்த ஒலிப்பதிவுக்காகக் கூடியவர்கள். இது பிறகு ஒரு பிரச்சினை ஆகிறது.

பத்து நிமிடம் இருபத்தைந்து விநாடி

ஆல்பத்தில் ஐந்து டிராக். ஐந்தும் மார்கன் எழுதியவை. முதல் டிராக்தான் ‘தி சைட்வைண்டர்’. ஆல்பத்தின் நீளத்துக்கு ஒன்று குறைகிறது என்று மார்கன் பாத்ரூம் பக்கம் போய், டாய்லெட் பேப்பரில் இந்த மெட்டை எழுதிக்கொண்டு வந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ஒத்திகைக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியில் இப்படி நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கதை சுவாரஸ்யமாக இருப்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது.

மெட்டின் அடித்தளம் புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை வடிவம். வழக்கமான புளூஸ் 12 தாளக்கட்டில் ஒரு சுற்று முடியும். இது அதைப் போல இரட்டிப்பு, 24. ஆகவே ஒவ்வொரு ஸ்வரக்கூட்டத்திலும் இரண்டு மடங்கு நேரம் நிற்கலாம். வாசிப்பவருக்கு அவசரம் இல்லை. கேட்பவருக்கும் அடுத்து எங்கே போகிறது என்று தேட வேண்டியதில்லை. முதலில் பேஸும் பியானோவும் ஒரு சின்ன உருவைத் திருப்பித் திருப்பி வாசித்துத் தளம் போடுகின்றன. பிறகு டிரம்பெட்டும் சாக்ஸும் ஒன்றாக மெட்டைச் சொல்கின்றன. அதற்கப்புறம் ஜாஸில் வழக்கமான ஏற்பாடுதான்: நம் கச்சேரியில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஆளாளுக்குக் கற்பனை ஸ்வரம் போட்டுவிட்டுக் கடைசியில் அந்த வரிக்கே வந்து சேர்வது போல.

ஹிகின்ஸ் என்ன செய்கிறார் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஜாஸின் வழக்கமான ஸ்விங் நடை ஊஞ்சல் போல ஒரு பக்கம் சாயும். அந்தக் காலத்து ராக், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) நடை நேர்க்கோடு. ஹிகின்ஸ் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமும் அங்கேயே இருக்கிறார். சத்தம் கூட்டுவதே இல்லை. இதை அவர் முன்பே செய்து பார்த்திருக்கிறார். 1962 மே மாதம் ஹெர்பி ஹான்காக்கின் முதல் ஆல்பத்தில் ‘வாட்டர்மெலன் மேன்’ டிராக்குக்கு டிரம்ஸ் வாசித்தவர் இவரே. அந்த மெட்டை மாங்கோ சான்டமரியா தன் பாணியில் வாசித்து 1963இல் பெரிய பாப் ஹிட் ஆக்கியிருந்தார். ஆகவே இப்படி ஒரு நடைக்குக் கூட்டம் இருக்கிறது என்பது அந்த டிசம்பரில் யாருக்கும் ரகசியம் இல்லை.

மார்கனின் சோலோவில் ஒரு குறும்பு இருக்கும். வால்வைப் பாதி அழுத்தி நோட்டை நசுக்குவது, ஒரே நோட்டைக் குத்திக் குத்திச் சீண்டுவது, வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டு அடுத்த தாளத்தில் வந்து முடிப்பது. ஹெண்டர்சன் அதற்குப் பதில் சொல்வது போல வராமல், வேறு பேச்சை ஆரம்பிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது ஹாரிஸ். இந்த மாதிரி நடை அவருடைய மொழியே இல்லை. சோலோவில் பீபாப் வாக்கியங்களைக் கொண்டுவந்து இந்த நேர்நடைக்கு மேல் அடுக்குகிறார். அவை முழுசாக உட்காரவில்லை. உட்காராத அந்த இடைவெளியில்தான் டிராக் மூச்சுவிடுகிறது. கடைசியில் கிரான்ஷாவுக்கும் ஒரு சோலோ உண்டு. பாப் பட்டியலில் ஏறிய மெட்டில் டபுள் பேஸ் சோலோ!

மற்ற நான்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘டோட்டம் போல்’ கொஞ்சம் லத்தீன் சாயலோடு தொடங்கும். ஆல்பத்தில் நல்ல மெட்டு என்றால் என் ஓட்டு அதற்குத்தான். ‘கேரிஸ் நோட்புக்’, ‘பாய், வாட் எ நைட்’, ‘ஹோகஸ் போகஸ்’ மூன்றும் நேர்மையான ஹார்ட் பாப், அதாவது பீபாப்பில் புளூஸ் கலந்து அழுத்தமாக வாசிக்கும் ஜாஸ். சைட்வைண்டர் நடை இவற்றில் எதிலும் திரும்ப வரவில்லை. அதாவது அந்த ஆல்பத்தை வாங்கியவர்களுக்கு 10 நிமிடம் ஹிட், மீதி அரை மணி நேரம் சுத்தமான ஜாஸ். அவர்கள் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ரிலீஸும் அதன் பிறகும்

முதலில் அச்சடித்தது வெறும் 4,000 பிரதி. மூன்று நான்கு நாளில் தீர்ந்துவிட்டது. புளூ நோட்டின் பழைய டேப்புகளைப் பின்னாளில் தோண்டி எடுத்து வெளியிட்ட தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்குனா தரும் தகவல் இது. கம்பெனி என்ன எதிர்பார்த்தது என்பதற்கு இந்த எண் போதும். தலைப்பு டிராக்கை இரண்டாக வெட்டி, 45 ஆர்பிஎம் சிங்கிளின் இரண்டு பக்கத்திலும் போட்டார்கள். காசு போட்டால் பாட்டு போடும் ஜூக்பாக்ஸுக்கு அது. சிங்கிள், பில்போர்ட் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதல் நூறில் 81வது இடம் வரை போனது. முழு ஆல்பமான எல்பி 1965 ஜனவரிக்குள் 25வது இடத்தைத் தொட்டது. ஜாஸ் பட்டியலில் அல்ல, எல்லா எல்பிக்குமான பொதுப் பட்டியலில்.

கிரைஸ்லர் கார் கம்பெனி, பேஸ்பால் உலகத் தொடர் ஒளிபரப்பில் வந்த தன் டிவி விளம்பரத்துக்குப் பின்னணியாக இந்த மெட்டைப் போட்டது. மார்கனிடமும் கேட்கவில்லை, புளூ நோட்டிடமும் கேட்கவில்லை. கம்பெனி வக்கீல்கள் தலையிட்ட பிறகு விளம்பரம் நிறுத்தப்பட்டது.

இந்த நேரத்தில் மார்கன் எங்கே இருந்தார்? ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே, 1964 வசந்தத்தில், பழையபடி பிளேக்கியின் மெசஞ்சர்ஸில் சேர்ந்துவிட்டார். நாட்டில் அதிகம் விற்கும் ஜாஸ் ரெக்கார்டுகளில் ஒன்றின் தலைவர், இன்னொருவர் குழுவில் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார். ஹிட் அடித்த ஐவர் குழு என்று மேடையேற்ற ஒன்றும் இல்லை. ஹிட் வந்ததும் உடனே சுற்றுப்பயணம் போய் அதைக் காசாக்கி, அந்தக் காசில் குழுவை நிலையாக வைத்துக்கொள்வது என்ற சங்கிலியின் முதல் கண்ணியே இங்கே இல்லை. போதைப் பழக்கமும் முழுக்க விட்டபாடில்லை.

கம்பெனி பக்கமும் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் ஹிட் என்றால் பணம். சின்ன ரெக்கார்டு கம்பெனிக்கு அது முதலில் செலவு. எல்பி அச்சடிக்கவும் உறை அடிக்கவும் கையிலிருந்து காசு போட வேண்டும். விநியோகஸ்தர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு, பணத்தை மெதுவாகத்தான் தருவார்கள். விற்காததைத் திருப்பியும் அனுப்புவார்கள். அடுத்த ஹிட் கையில் இருந்தால்தான் போன ஹிட்டின் பாக்கி ஒழுங்காக வரும். ஆகவே ஒரு ஹிட் கொடுத்த கம்பெனிக்கு இரண்டாவது ஹிட் ஆசையல்ல, கட்டாயம். ஹொரேஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ அடுத்து நன்றாகவே ஓடியது. இருந்தும் லயன் களைத்துவிட்டார், கம்பெனி கைமாறியது. பெரிய நிறுவனத்துக்குள் இருந்து வேலை செய்வது அவருக்கு ஒத்துவரவில்லை. 1967இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

அடுத்த சைட்வைண்டர்

கம்பெனி எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: முதல் டிராக் இந்த நடையில் இருக்க வேண்டும். 1965 ஏப்ரலில் மார்கன் பதிவு செய்த ‘தி ரம்ப்ரோலர்’ அதை அப்படியே பின்பற்றியது. இந்த ஆல்பம் ஆய்வாளருக்கு ஒரு வரப்பிரசாதம். ஏனென்றால் முக்கால்வாசி அதே பொருட்கள். டிரம்பெட் மார்கன், டெனர் ஹெண்டர்சன், டிரம்ஸ் ஹிகின்ஸ், ஸ்டுடியோவும் இன்ஜினியரும் வான் கெல்டர், தயாரிப்பு லயன். மாறியவை பியானோவில் ரானி மேத்யூஸ், பேஸில் விக்டர் ஸ்பிரோல்ஸ். தலைப்பு மெட்டும் மார்கனுடையது அல்ல. எழுதியவர் ஆண்ட்ரூ ஹில், புளூ நோட்டிலேயே மிகச் சிக்கலான இசை எழுதிய பியானோ கலைஞர்! ஹிட் மெட்டு எழுதுகிற வேலை அவர் வரைக்கும் போயிருக்கிறது.

நல்ல ஆல்பம்தான். ஆனால் சைட்வைண்டர் அளவுக்கு ஓடவில்லை. ‘அந்த நடைதான் விற்றது’ என்ற விளக்கம் இங்கே தடுக்குகிறது. அந்த நடையை வாசித்த அதே ஹிகின்ஸ் இங்கேயும் வாசிக்கிறார். சைட்வைண்டரில் இருந்தது, இங்கே இல்லாதது எது என்று கேட்டால், என் பதில் பேரி ஹாரிஸ். அவர் வாசிப்பில் இருந்த அந்த இழுபறி. புது நடைக்குப் பொருந்தி வாசிக்கும் பியானோ கலைஞர் வந்ததும் எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டது, கேட்கவும் வசதியாகிவிட்டது. முதல் தடவை ஐந்து பேருக்கும் இந்த மெட்டு கொஞ்சம் அந்நியம். இரண்டாவது தடவை என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அது காதில் விழுகிறது. இது என் காது சொல்வது. நிரூபிக்க முடியாது. விற்பனை விழுந்ததற்குச் சந்தைக் காரணங்களும் இருக்கலாம்.

அதன் பிறகு ‘தி ஜிகலோ’வின் முதல் டிராக்கும், ‘கார்ன்பிரெட்’டின் முதல் டிராக்கும் அதே வாய்ப்பாடு. வேடிக்கை என்னவென்றால் ‘கார்ன்பிரெட்’டிலிருந்து இன்று உலகமெங்கும் ஜாஸ் மாணவர்கள் வாசிப்பது அந்த முதல் டிராக்கை அல்ல. நடுவில் அமைதியாக வரும் ‘சியோரா’வை.

பெட்டியில் கிடந்தது

1964 பிப்ரவரி 15. சைட்வைண்டர் பதிவாகிச் சரியாக எட்டு வாரம். அதே ஸ்டுடியோவில் மார்கன் ‘சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். சாக்ஸில் வேய்ன் ஷார்ட்டர், கிட்டாரில் கிரான்ட் கிரீன், பியானோவில் ஹெர்பி ஹான்காக், பேஸில் ரெஜி வொர்க்மன், டிரம்ஸ் மறுபடி ஹிகின்ஸ். தலைப்பு டிராக் 15 நிமிடத்துக்கு மேல். தாளமே இல்லாதது போல மிதக்கும் ஒரு ராகக்கூறு, ஒவ்வொரு சோலோ முடிந்ததும் திரும்ப வந்து எல்லோரையும் ஒருமுறை நிறுத்தி வைக்கிறது. மார்கன் குறும்பை எல்லாம் விட்டுவிட்டு நீளமான நோட்டுகளில் வாசிக்கிறார். அதே ஹிகின்ஸ் இங்கே சிம்பல்களில் காற்று மாதிரி வாசிக்கிறார். ஒரே ஆளா என்று சந்தேகம் வரும்.

தேதியைக் கவனியுங்கள். அப்போது சைட்வைண்டர் வெளிவரவே இல்லை. ஹிட் ஆனதால் சலித்துப்போய் மார்கன் கனமான இசைக்குத் திரும்பினார் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குளிர்காலத்தில், ஒரே மனதிலிருந்து வந்தவை. முந்திக்கொண்டது ஒன்று, அவ்வளவுதான். ஜூலையில் அந்த ஒன்று ஓடத் தொடங்கியதும் மற்றது நின்றுவிட்டது. 1966இல்தான் கடைக்கு வந்தது.

சைட்வைண்டரின் வெற்றிதான் இதைத் தள்ளிவைத்தது என்பது வழக்கமான விளக்கம். ஓரளவு சரி. ஆனால் முழுக் குற்றத்தையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. 1964 ஆகஸ்டில், ஹிட் சூடு ஆறாதபோதே, மார்கன் ‘டாம் கேட்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். அது எந்தப் புரட்சியும் செய்யாத நல்ல ஹார்ட் பாப். அதுவும் பெட்டிக்குப் போனது, வெளிவந்தது 1980இல். மார்கன் இறந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு. லயன் வெளியிடுவதைவிட அதிகமாகப் பதிவு செய்கிறவர். அவருடைய அலமாரியில் கிடந்தவர்கள் பட்டியல் பெரிது. எல்லாக் கலைஞருக்கும் நடந்ததுதான் மார்கனுக்கும் நடந்தது. வித்தியாசம் ஒன்று: அடுத்து எதை வெளியிடுவது என்று முடிவு செய்ய, இவர் விஷயத்தில் மட்டும் ஓர் அளவுகோல் வந்துவிட்டது. ‘இதில் அடுத்த சைட்வைண்டர் இருக்கிறதா?’ ‘நியூ லேண்டி’ல் இல்லை. ‘டாம் கேட்’டில் இல்லை.

1967க்குப் பிறகு ஹெலன் என்ற பெண்ணின் துணையோடு மார்கன் மெல்லத் தேறி வந்தார். 1970இல் ராஸான் ரோலண்ட் கிர்க் முதலியவர்களோடு சேர்ந்து, கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸுக்கு டிவியில் இடம் கேட்டு, நிகழ்ச்சிப் படப்பிடிப்புக்குள் புகுந்து விசில் ஊதிப் போராடிய குழுவில் இருந்தார். 1972 பிப்ரவரி 19, நியூயார்க்கின் ஸ்லக்ஸ் கிளப்பில் ஹெலன் அவரைச் சுட்டார். பனிப்பொழிவில் ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது. வயது 33. இந்த முடிவைப் பற்றித் தேவைக்கு மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1970 ஜூலை 10 முதல் 12 வரை, கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் லைட்ஹவுஸ் கிளப்பில் நடந்த ஒலிப்பதிவு. முதல் நாள் மார்கனின் 32வது பிறந்தநாள். இந்தத் தடவை கூடவே ஊர் ஊராகச் சுற்றும் சொந்தக் குழு இருந்தது: பென்னி மாபின், ஹெரால்ட் மேபர்ன், ஜிமி மெரிட், மிக்கி ரோக்கர். வெளிவந்தது இரட்டை எல்பி, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு மெட்டு. நான்கையும் எழுதியவர்கள் குழுவிலிருந்த மற்றவர்கள். சைட்வைண்டரையும் அந்த நாட்களில் அங்கே வாசித்தார்கள், டேப்பும் ஓடியது. எல்பியில் அதைச் சேர்க்கவில்லை.